குதிரைப் பந்தய ஹேண்டிகேப்பிங் முறைகள்: பல சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு எது நிற்கிறது, எது கவிழ்கிறது

ஹேண்டிகேப்பிங் என்றால் ஒவ்வொரு குதிரைக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிப்பது. ஃபேவரிட்டை, அதாவது அதிகப் பணம் விழும் குதிரையை, மட்டுமே கட்டிக்கொண்டு போனாலும் ஏறக்குறைய மூன்று ரேஸுக்கு ஒன்று ஜெயிக்கும். ஆனாலும் கையிலிருக்கும் பணம் கரைந்துகொண்டே போகும். எது முதலில் வரும் என்று சொல்வது பாதி வேலைதான். புக்கி (பந்தயம் ஏற்பவர்) தரும் விலை அந்தக் குதிரையின் வாய்ப்புக்கு மேல் இருக்கிறதா என்பது மீதிப் பாதி. நீண்ட காலம் பயன்படுத்தினால் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்கும் முறைகளே தாக்குப்பிடிக்கின்றன.

எட்டுக் குதிரை ஓடும் ஒரு ரேஸில், விலைகள் (ஜெயித்தால் ஒரு ரூபாய்க்குத் திரும்பி வரும் தொகை, போட்ட பணத்தையும் சேர்த்து) 3, 4, 5, 8, 11, 15, 21, 26 என்று வையுங்கள். ஒவ்வொரு விலையாலும் நூறை வகுத்துக் கூட்டினால் 115 வருகிறது. நூறுக்கு மேல் உள்ள 15தான் புக்கியின் பங்கு. 4 விலைக் குதிரைக்கு மேலோட்டமாகப் பார்த்தால் 25 சதவீத வாய்ப்பு, 1.15-ஆல் வகுத்துச் சுத்தம் செய்தால் சந்தையின் கணிப்பு 22 சதவீதத்துக்கு அருகில்தான். இந்தச் சுத்தம்கூட முழுச் சரியில்லை. அந்த 15 எல்லாக் குதிரை மேலும் சமமாக ஏறுவதில்லை. 21, 26 விலைக் குதிரைகள் மேல்தான் அதிகம் ஏறியிருக்கும். பெரிய விலையைத் துரத்துபவர்கள் வேகமாகக் காலியாவதற்குக் காரணம் இதுதான்.

நேரத்தை வைத்துக் கணிக்கும் முறை எல்லோருக்கும் பிடித்தது, எல்லோரும் தவறாகப் பயன்படுத்துவதும் அதையே. வெறும் நேரம் எதையும் சொல்லாது. அந்த நாளின் ஒவ்வொரு ரேஸையும் அதே தூரம், அதே வகுப்பின் வழக்கமான நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களின் சராசரியை எடுங்கள். விலகி நிற்கும் ஓரிரண்டைச் சேர்க்க வேண்டாம். கிடைப்பது அன்றைய தடத்தின் வேகம்; அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே குதிரையின் உழைப்பு. நடுவில் மழை பெய்தால் நாளை இரண்டாக உடைத்து இரண்டு சராசரி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், ஈரத்துக்கு முன் ஓடியவை எல்லாம் அசுரக் குதிரைகளாகத் தெரியும். புல் தடத்தில் இன்னொரு சிக்கல்: முதல் பாதியை மெதுவாக ஓட்டினால் மொத்த நேரம் பயனற்றுப்போகும். அங்கே கடைசி 600 மீட்டர் நேரத்தைப் பாருங்கள். முன்னணியில் தனியாக, சும்மா ஓடி ஜெயித்த குதிரையை அடுத்த ரேஸில் நம்பாதீர்கள். அதனோடு முன்னால் போட்டியிட இன்னும் இரண்டு குதிரை வந்துவிட்டால் கதை மாறிவிடும்.

குதிரை சுமக்கும் எடைக்கு ஒரு பழைய கணக்கு இன்னும் பயன்படுகிறது: 1000 மீட்டரில் ஒரு லெங்த் (ஒரு குதிரையின் உடல் நீளம்) என்பது சுமார் 1.4 கிலோ, 1600 மீட்டரில் 0.9 கிலோ, 2400-இல் 0.7 கிலோ. இது தோராயம்தான். இரண்டு கிலோ குறைந்தது என்று குதிப்பவர்கள், அந்தக் குதிரை கடந்த முறை வளைவில் எங்கே ஓடியது என்று பார்ப்பதில்லை. அரை வட்ட வளைவு ஒன்றில் உள்வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் கூடுதல் தூரம் 3.14 மீட்டர், அதாவது ஒரு லெங்த்துக்கும் மேல். மூன்று மீட்டர் வெளியே ஓடி இரண்டு லெங்த்தில் தோற்ற குதிரை உண்மையில் தோற்கவே இல்லை. ரேஸ் வீடியோவைத் திரும்பப் பார்ப்பதில் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் முடிவு அட்டவணையில் இது இருக்காது.

இனி, சொந்தக் கணக்கில் அந்த 4 விலைக் குதிரைக்கு 30 சதவீதம் வந்தது என்று வையுங்கள். கெல்லி சூத்திரம் (சாதகத்துக்கு ஏற்ப எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் கணக்கு) கையிருப்பில் 6.7 சதவீதம் போடச் சொல்லும். போடாதீர்கள். ஹாங்காங்கில் கணினி மாதிரியை வைத்து ஜெயித்த பில் பென்டர் 1994-இல் எழுதிய கட்டுரையின் முக்கியப் பாடமே, தன் கணிப்போடு சந்தையின் விலையையும் கலக்க வேண்டும் என்பதுதான். 30-க்கும் 22-க்கும் நடுவே 26 என்று எடுத்தால் நியாய விலை (நூறை 26-ஆல் வகுத்தது) 3.85. சாதகம் நாலு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கெல்லி இப்போது 1.3 சதவீதம் என்கிறது; கால் கெல்லி, அதாவது அதில் நாலில் ஒரு பங்கு, போட்டால் 0.33. எரிச்சலூட்டும் அளவுக்குச் சின்னத் தொகை. ஆனால் உண்மையான வாய்ப்பு 25 சதவீதமாக இருந்தால் இதே பந்தயத்தில் சாதகம் சுழியம். ஐந்து சதவீதப் பிசகுதான் வித்தியாசம், அந்த அளவு பிசகாத ஹேண்டிகேப்பர் இல்லை.

தோற்றால் இரட்டிப்பாக்கும் முறையைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரு யூனிட்டில் தொடங்கிப் பத்துத் தோல்விக்குப் பிறகு 1,023 போயிருக்கும், அடுத்து 1,024 கட்ட வேண்டும், 2 விலையில் இவ்வளவும் ஒரு யூனிட்டுக்காக. ஜெயிக்கும் விகிதம் 30 சதவீதமாக இருப்பவருக்கே ஆயிரம் பந்தயத்தில் 16 தொடர் தோல்வி இயல்பாக வரும்; 20 சதவீதக்காரருக்கு 24.

டிரைஃபெக்டாவில் (முதல் மூன்று இடங்களை வரிசையாகச் சொல்லும் பந்தயம்) நாலு குதிரையைப் பாக்ஸ் செய்தால், அதாவது எல்லா வரிசையிலும் கட்டினால், 24 சீட்டு. இருபத்து நாலும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. இரண்டோ மூன்றோ மட்டுமே கட்டும் பணத்துக்குத் தகும், மற்றவை அவற்றின் லாபத்தைத் தின்னும்.

டோட்டில் (எல்லோர் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, கழிவு போக ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறை) ஆடுபவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். வின் பூல் (முதலிடத்துக்குக் கட்டிய மொத்தப் பணம்) 1,00,000, கழிவு 20 சதவீதம், உங்கள் குதிரை மேல் 20,000 இருந்தால் விலை 4. கடைசி நிமிடத்தில் அதன் மேல் இன்னும் 5,000 விழுந்தால் 3.36. கேட் திறந்த பிறகும் திரையில் விலை இறங்குவதைப் பார்த்துச் சூது என்று கத்துகிறார்கள். அது தாமதமாகக் கணக்கில் சேர்ந்த பணம். ஆகவே பதிவேட்டில் மூன்று எண்கள் தேவை: விலை பார்க்கும் முன் நீங்கள் எழுதிய சதவீதம், கட்டியபோது இருந்த விலை, ரேஸ் தொடங்கியபோது முடிந்த விலை. சில நூறு பந்தயங்களில் இரண்டாவது எண் மூன்றாவதைவிடச் சராசரியாகக் குறைவாக இருந்தால், இப்போது லாபத்தில் இருந்தாலும் தொகையைக் கூட்டாதீர்கள்.