ஐந்து ரோடு ஜெர்மன் வகுப்பு: பேச்சுக்காகவே சேரலாம்

சேலம் ஐந்து ரோடு பக்கம் நடக்கும் இந்த ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் வகுப்புக்குப் பெரும்பாலும் நர்சிங் முடித்தவர்கள்தான் வருகிறார்கள். இலக்கணம் மற்ற இடங்களைப் போலத்தான். பேச்சுப் பயிற்சி அருமை.

ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், ஆள் மாற்றி 3 நிமிடம், மறுபடி மாற்றி 2 நிமிடம் சொல்ல வேண்டும். விஷயம் மாறாததால் மூன்றாம் சுற்றில் வாக்கியம் தேடாமல் வருகிறது. கேட்பவர் புதியவர் என்பதால் சலிப்பில்லை. ஆனால் தொடக்க நிலைக்கு 4 நிமிடம் ரொம்ப அதிகம். 90, 60, 45 நொடி போதும். பேசுவதற்கான குறிப்பு என்று நான்கைந்து சொற்கள் மட்டும் எழுத விடுகிறார்கள், அதுதான் சரி. முழு வாக்கியமாக எழுதினால் கண் தாளை விட்டு நகராது. நடுவில் திருத்துவதும் இல்லை. பலருக்கும் வந்த பிழை கடைசியில் பலகைக்கு வருகிறது. ஜெர்மனில் ‘இன்று’ என்று தொடங்கினாலும் வினை இரண்டாம் இடத்தில்தான் வர வேண்டும்; அதை மறப்பதுதான் அதில் அடிக்கடி வருவது.

குறை, ஒரு பேட்சுக்கு 18 பேர். ஒன்பது ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் ஆசிரியர் காதில் எதுவும் சரியாக விழாது, பிள்ளைகள் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். ஜெர்மன் மொழிக்கான கதே நிறுவனத்தின் ஏ1 பேச்சுத் தேர்வில் அதிகபட்சம் 4 பேர் குழுவாக, சொல் அட்டையைப் பார்த்து உடனே கேள்வி கேட்க வேண்டும். அந்த அட்டைகளை இங்கே கடைசி வாரம்தான் எடுக்கிறார்கள். முதல் மாதமே எடுங்கள்.