பிராம்ப்டன் வேர்ஹவுஸில் ட்யூப் ஹீட்டரோடு நான்கு குளிர்காலம்

கனடாவின் பிராம்ப்டனில் நான் பொறுப்பாக இருக்கும் வேர்ஹவுஸின் கூரை 30 அடி உயரம். லாரிகள் வந்து சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் டாக்கில் எட்டுக் கதவுகள். மைனஸ் 20 வரை போகும் நாட்களிலும் அவை திறந்து மூடியபடியே இருக்கும். முன்பு இருந்தவை கூரையில் தொங்கி, சூடான காற்றை ஊதும் யூனிட் ஹீட்டர்கள். அந்தக் காற்று மேலே ஏறிக் கூரையடியிலேயே தங்கிவிடும். விளக்கு மாற்ற ஏறியவர் வியர்வையோடு இறங்குவார். கீழே பெட்டி அடுக்குபவர்கள் இரட்டைக் கையுறையோடு நிற்பார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் டாக் பகுதிக்கு மட்டும் இன்ஃப்ராரெட் ட்யூப் ஹீட்டர் போட்டோம். ஒரு முனையில் காஸ் எரியும். அந்தச் சூடு நீண்ட இரும்புக் குழாய்க்குள் ஓடும். மேலே உள்ள தகடு வெப்பக் கதிரைக் கீழே திருப்பும். நேராகச் சூடாவது தரையும் ஆட்களும்தான். கதவு திறந்தால் சூடான காற்று போய்விடும், ஆனால் கான்கிரீட் தரை பிடித்துவைத்த சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. கதவு மூடியதும் இடம் விரைவாகத் தேறிவிடுகிறது. "தம்பி, இப்பதான் விரல் மடங்குது" என்று அங்கே வேலை செய்யும் அண்ணை ஒருவர் சொன்னபோது மனது நிறைந்தது.

ரேக் வரிசைகளுக்கு இது சரிவராது. உயர அடுக்கிய சரக்கு கதிரை மறைக்கும். அட்டைப்பெட்டி ஹீட்டருக்குக் கிட்டப் போனால் தீப்பிடிக்கவும் கூடும். எத்தனை அடி தள்ளி இருக்கவேண்டும் என்று ஹீட்டரோடு வரும் கையேட்டில் இருக்கிறது. அந்த உயரத்தைக் காட்டச் சங்கிலி தொங்கவிட்டிருக்கிறோம். ரேக் பக்கம் பழைய ஹீட்டர்களையே வைத்து, 20 அடி விட்டமுள்ள இரண்டு பெரிய மின்விசிறிகளை மெதுவாக ஓடவிட்டோம். மேலே தேங்கிய சூடு கீழே வந்தது. அங்கே 10 டிகிரி போதும். அதற்காக இன்னும் இறக்கிக்கொண்டே போகாதீர்கள்: தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் தண்ணீர் நிரம்பிய குழாய்கள் உள்ள இடம் 4 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, உறைந்தால் குழாய் வெடிக்கும்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு காலை பர்னர் பற்றவே இல்லை. அட்டைத்தூசி காற்று வரும் வழியை அடைத்திருந்தது. ஒன்ராறியோவில் காஸ் வேலையில் லைசென்ஸ் உள்ளவர்தான் கைவைக்கலாம். அவர் வர இரண்டு நாள். அப்புறம் ஒவ்வொரு செப்டம்பரும் துப்புரவு செய்கிறோம்.

காஸ் பில் நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே வருடம், கதவுக்கும் லாரிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் டாக் சீல்களில் தேய்ந்தவற்றையும் மாற்றினோம், அதற்கும் பங்கு உண்டு. இன்று தொடங்கினால் முதலில் சீலைத்தான் பார்ப்பேன். மூன்றாம் கதவில் அது மறுபடி கிழிந்திருக்கிறது. பனி விழுமுன் மாற்ற ஆர்டர் கொடுத்துவிட்டேன்.