கடுங்கோடையில் வயிற்றுக்கு எது நல்லது: பச்சைப்பயறா, இஞ்சியா?

சீன நாள்காட்டியில் ‘சான்ஃபூ’ எனப்படும் கடுங்கோடை ஜூலை நடுவில் தொடங்கி 30 அல்லது 40 நாள் நீடிக்கும். அந்நாட்களில் எதை உண்பது என்பதில், சீன மரபு மருத்துவத்துக்குள்ளேயே நேர் எதிரான இரண்டு வழக்கங்கள் உண்டு.

முதலாவது, வெக்கையைக் குளிர்ச்சியால் தணிப்பது. இதில் முதலிடம் பச்சைப்பயற்று நீருக்கு. பயறைச் சிறிது நேரமே கொதிக்கவிட்டு, தோல் வெடிப்பதற்கு முன் இறுத்த இளம்பச்சைச் சாறுதான் சூட்டைத் தணிக்கும் என்றும், பயறு குழைந்து நீர் செம்மை தட்டிவிட்டால் குளிர்ச்சி குறைந்துவிடும் என்றும் கருதுகிறார்கள். தர்பூசணியும், குவாங்டாங் மாகாணத்தின் கசப்பான மூலிகைத் தேநீரும் இந்த வகையே. புழுக்கமும் ஈரமும் மிகுந்த அந்தத் தென்மாகாணத்தில் தெருவோரக் கடைகளில் விற்கும் இத்தேநீர், 2006இல் சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டாவது வழக்கம் முதலில் கேட்பவருக்கு வியப்பளிக்கும். ‘குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, மருத்துவர் மருந்தெழுத வேண்டாம்’ என்பது சீனப் பழமொழி. ஜியாங்சு மாகாணத்தின் சூசோ (Xuzhou) நகரில் சான்ஃபூ நாட்களில்தான் ஆட்டிறைச்சிச் சாறு விரும்பி உண்ணப்படுகிறது. கோடையில் உடலின் அனல் தோலை நோக்கி வெளியேறுவதால் உள்ளே வயிறு குளிர்ந்து வலுவிழக்கிறது, அந்நேரத்தில் குளிர்ந்ததை ஊற்றினால் செரிமானம் அணைந்துவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். செரிமானத்தை மையமாக வைத்த இந்தப் பார்வைக்கு வலுச்சேர்த்தவர் லி துங்யுவான் (1180–1251). 1232இல் மங்கோலியர் முற்றுகையிட்ட கைஃபெங் நகரில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்ததைக் கண்ட அவர், பசியும் களைப்பும் அச்சமும் மண்ணீரலையும் இரைப்பையையும் சிதைத்ததே அதற்கு வேர் என்று வாதிட்டார். இங்கே மண்ணீரல் என்பது செரிமானச் செயல்களின் தொகுப்பு, உடற்கூறியல் காட்டும் உறுப்பு அன்று.

இவ்விரண்டில் என் சாய்வு இஞ்சியின் பக்கம். குளிரூட்டிய அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்து, பனிக்கட்டி மிதக்கும் பானத்தை உணவோடு குடிப்பவருக்கு வெப்பம் எங்கே சேர்ந்திருக்கிறது? சாப்பிட்டதும் வயிறு உப்புசம், இளகிய மலம், நாக்கில் தடித்த வெண்படிவு ஆகியவை இருப்பவர் பச்சைப்பயற்று நீரைத் தினமும் குடித்தால் மந்தம் கூடும் என்றே இம்மருத்துவம் சொல்கிறது. அவர் காலையில் இரண்டு மூன்று துண்டு இஞ்சியைத் தேநீரில் இட்டுக் குடிக்கலாம். இரவில் இஞ்சியைத் தவிர்ப்பதும் அதே மரபின் வழக்கம். மாறாக, வயலிலும் கட்டடப் பணியிலும் வெயிலில் வேர்த்து, வாய் வறண்டு, மலம் இறுகி, நாக்கில் மஞ்சள் படிவு காணும் ஒருவருக்கு இஞ்சியும் ஆட்டிறைச்சியும் எரிகிற நெருப்பில் எண்ணெய். அவருக்குப் பயற்று நீரே பொருத்தம்.

கசப்புத் தேநீரை மட்டும் நான் அன்றாடப் பானமாகப் பரிந்துரைக்க மாட்டேன். அது மூலிகைக் கஷாயம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. வெயிலில் மயங்கி, உடல் கொதித்து, பேச்சுக் குழறும் நிலைக்கு இவற்றில் எதுவும் மருந்தாகாது. உடலை உடனே நீரால் குளிர்வித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.