அலுமினிய எக்ஸ்கே 120: பளபளக்க வைப்பதா, இருக்கிறபடி விடுவதா?

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்கே 120 என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியபோது, அதை ஆயிரக்கணக்கில் விற்கும் திட்டம் கம்பெனியிடம் இல்லை. ஆர்டர் குவிந்த பிறகுதான் இரும்புத் தகட்டில் பாடி செய்ய ஏற்பாடு நடந்தது. அது தயாராகும் வரை, ஆஷ் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டைப் பொருத்திக் கையாலேயே செய்து அனுப்பினார்கள். அப்படி வந்தவை சுமார் 240 கார்கள். மொத்தம் சுமார் 12,000 கார்கள் செய்த மாடலில் இவைதான் அபூர்வம். அவற்றிலும் இதுவரை யாரும் பிரித்துப் புதுப்பிக்காத கார் ஒன்று கைக்கு வந்தால் மூன்று வழிகள் உண்டு: முழுசாகப் புதுப்பிப்பது, தொடாமல் காப்பது, ஓடும் பாகங்களை மட்டும் சரிசெய்வது.

முழுப் புதுப்பிப்பின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரியும். டிங்கரிங், பெயின்ட், புதுத் தோல் இருக்கை, கண்ணாடி மாதிரி மின்னும் குரோம். ஆனால் 1949-ல் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எந்த எக்ஸ்கேவும் இவ்வளவு மினுமினுப்பாக இருந்ததில்லை. கையால் செய்த பாடி என்பதால் இடப்பக்கக் கதவோர இடைவெளியும் வலப்பக்கக் கதவோர இடைவெளியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. இன்றைய பட்டறை அதை மில்லிமீட்டர் கணக்கில் சமன் செய்துவிடும். அன்றைய தொழிலாளியின் சுத்தியல் தடம் தகட்டின் உட்புறத்தில் இருக்கும். தகட்டையே மாற்றினால் அதுவும் போய்விடும். பழைய செல்லுலோஸ் பெயின்டை ஒருமுறை சுரண்டி எடுத்தால், எத்தனை லட்சம் கொட்டினாலும் திரும்ப வராது.

ரசிகர்களின் பார்வையும் மாறியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் பழைய கார்களுக்காக நடக்கும் பெபிள் பீச் போட்டியில் பல பத்தாண்டுகளாக உச்சப் பரிசு வாங்கியவை முழுமையாகப் புதுப்பித்த கார்கள்தான். 2024-ல் அங்கே முதன்முறையாக, புதுப்பிக்காத ஒரு 1934 புகாட்டி அதை வென்றது. எனக்கு அது மிகச் சரியான தீர்ப்பு.

அதற்காகக் காரைக் கொட்டகையில் அப்படியே நிறுத்தி வைப்பதும் சரியில்லை. ப்ரேக் சிலிண்டரின் ரப்பர் சீல் இறுகிப் போகும், டாங்கில் பெட்ரோல் பிசினாகும், துணி சுற்றிய வயர் பொடிப்பொடியாக உதிரும். அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால், நிற்கிற காரிலும் அரிப்பு நிற்காது.

ஆக என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. அதற்கு இந்தக் காரிலேயே நல்ல காரணம் இருக்கிறது. இதன் 3.4 லிட்டர், இரட்டை கேம்ஷாஃப்ட் என்ஜின் 1949 மே மாதம் பெல்ஜியத்தின் ஜப்பேக் சாலையில் காரை மணிக்கு 132 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டியது. அதே குடும்பத்து என்ஜின் டெய்ம்லர் லிமோசினில் 1992 வரை தயாரிப்பில் இருந்தது. அதனால் மெக்கானிக்கல் வேலைக்குப் பாகமும் கிடைக்கும், விஷயம் தெரிந்த கைகளும் கிடைக்கும். கிடைக்காதது அந்தப் பாடியும் பெயின்டும் தோலும்தான். கிடைப்பதை மாற்றுங்கள், கிடைக்காததைத் தொடாதீர்கள்.

வேலையில் அவசரம் கூடாது. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்புறம் ப்ரேக், டாங்க், எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர், ரேடியேட்டர், வயரிங், டயர். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் சீட்டு கட்டிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அதுவும் காரின் வரலாறுதான்.

இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: மரம். கதவைத் திறந்து, பின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு தொளதொளவென்று ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் கீலைத் தாங்கும் ஆஷ் மரம் உளுத்திருக்கலாம். மரம் கொஞ்சம் போயிருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டலாம். சட்டம் முழுக்க மாவாகியிருந்தால் தகட்டைக் கழற்றாமல் வழியில்லை. அப்போது முழுப் புதுப்பிப்பே நியாயம்.

பின்னால் வந்த இரும்பு பாடி எக்ஸ்கேவுக்கு நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க மாட்டேன். அதிலும் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம்தான். மற்ற இடமெல்லாம் துரு ஏறும். அடிப்பகுதி ஓட்டையாகிவிட்ட கார் என்றால் வெல்டிங் செய்துதான் ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஜாகுவாரின் பழைய பதிவேடுகளைக் காக்கும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழை எடுத்துவிடுங்கள். சேசிஸ், என்ஜின் எண்களும் முதல் நிறமும் அதில் இருக்கும். பித்தளைத் தகட்டிலும் என்ஜின் மேலும் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். பிறகு கார்பெட்டைத் தூக்கி, ஓரத்தில் ஒட்டியிருக்கும் பெயின்டைப் பாருங்கள். அங்கே சான்றிதழில் இல்லாத நிறம் தெரிந்தால், “தொடாத கார்” என்று சொல்லிக் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள்.