பச்சை எரியுது, மஞ்சள் எரியலை: இன்ஃபினிபேண்டோடு இரண்டரை வருஷம்

திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் போட்டான். "மாப்ள, ரிச்சி தெருவுல பழைய இன்ஃபினிபேண்ட் கார்டு சல்லிசா கிடைக்குதாம். நீதான் ஓட்டிக்கிட்டிருக்கியே, வாங்கலாமா?" அன்றைக்குத்தான் யுபிஎஸ்சுக்குப் புது பேட்டரி மாட்டி, காசு கொடுத்த கடுப்பில் இருந்தேன். "வாங்காதடா" என்று வைத்துவிட்டேன். அவனுக்கு அது பதில் இல்லை. அதான் இது. இன்ஃபினிபேண்ட் என்றால் கம்ப்யூட்டர்களை அதிவேகமாக இணைக்கிற ஒரு நெட்வொர்க் முறை, ஈதர்நெட்டுக்கு மாற்று.

மதுரை சிம்மக்கல்லில் மாடியில் நம்ம எடிட்டிங் ரூம். ஒரு சர்வர், இரண்டு எடிட்டிங் மெஷின், மூன்றிலும் லினக்ஸ். சர்வரில் இரட்டை போர்ட் க்யூடிஆர் (40 கிக் ரகம்) இன்ஃபினிபேண்ட் கார்டு, ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரு மெஷினுக்கு நேராகச் செம்புக் கேபிள். ஸ்விட்ச் கிடையாது. ரேக்கில் வைக்கிற பழைய ஸ்விட்ச் ஒன்றைப் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்தேன், மாவு மில்லுக்குள் உட்கார்ந்து நாதஸ்வரம் மிக்ஸ் பண்ணுவது மாதிரி இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா, 400 ஜிபி சாதாரணம். முன்பு கிகாபிட் ஈதர்நெட்டில் நொடிக்கு 110 எம்பி; மெஷினுக்கு இறக்கவே ஒரு மணி நேரம், பிறகு திருத்தியதை ஏற்ற இன்னொரு தடவை. இப்போது இறக்குவதே இல்லை. கோப்பு சர்வரிலேயே கிடக்கிறது, என்எஃப்எஸ்ஸை (சர்வர் ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் முறை) ஆர்டிஎம்ஏ (ப்ராசஸரைத் தொந்தரவு பண்ணாமல் மெமரிக்கு மெமரி அனுப்பும் முறை) வழியாக மவுண்ட் பண்ணி அங்கேயே வெட்டுகிறோம். கார்டு நேராக மெமரிக்கே கொண்டுபோய்ப் போடுவதால் சர்வரில் இருக்கிற பழைய ப்ராசஸர் அலட்டிக்கொள்வதில்லை. மாப்பிள்ளை அழைப்பில் யாரோ ஒரு அத்தை திரும்பிப் பார்த்த இடத்தைத் தேடி டைம்லைனை இழுத்தால், விரல் போன இடத்துக்குப் படம் கூடவே வருகிறது. இதைப் பழகிய கைக்கு வேறு எதுவும் பிடிக்காது. சத்தியமாகச் சொல்கிறேன்.

வேகத்தை மட்டும் பெயரை வைத்து நம்பாதீர்கள். 40 கிக் என்பார்கள். கம்பியில் போகும் ஒவ்வொரு பத்து பிட்டிலும் நம்ம சரக்கு எட்டுதான். மிச்சம் இரண்டு, மண்டிக் கமிஷன் மாதிரி என்கோடிங்குக்குப் போய்விடும். ஆக 32. அதையும் சாதாரண ஐபி வழியாக ஓட்டினால் இன்னும் குறையும். டேட்டாகிராம் முறையில் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 2044 பைட்தான். கனெக்டெட் முறைக்கு மாற்றி 65520 ஆக்கிய பிறகுதான் எனக்கு நம்பர் நிமிர்ந்தது. இவ்வளவும் செய்து, கடைசியில் என் நான்கு ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து கொடுப்பது நொடிக்கு 600 எம்பி. நாலு வழிச்சாலையில் மாட்டு வண்டி. என்விஎம்ஈ எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் சாலைக்கு மரியாதை வந்தது.

இப்போது ஐயர் கதை. இன்ஃபினிபேண்டில் கேபிளைச் சொருகினால் மட்டும் போதாது. சப்நெட் மேனேஜர் என்று ஒரு மென்பொருள் எங்காவது ஓடவேண்டும்; அதுதான் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முகவரி கொடுத்து, பாதை போட்டு, "இனிமேல் பேசலாம்" என்று அனுமதிக்கும். அது வரும்வரை கார்டின் பின்னால் பச்சை விளக்கு மட்டும் எரியும். கேபிள் சரி என்று அர்த்தம். மஞ்சளும் எரிந்தால்தான் இணைப்பு. எங்கள் பையன் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டான்: "பச்சைன்னா நிச்சயதார்த்தம்ணே, மஞ்சள்னா தாலி. ஐயர் வந்தாத்தான் தாலி." அன்றிலிருந்து எங்கள் சப்நெட் மேனேஜரான ஓப்பன்எஸ்எம் எங்களுக்கு ஐயர்தான்.

ஒரு ஐயர் ஒரு மண்டபம்தான் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. ஸ்விட்ச் இல்லாததால் என் இரண்டு போர்ட்டும் இரண்டு தனி சப்நெட். ஓப்பன்எஸ்எம் ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது மெஷின் இரண்டு நாள் ‘இனிஷியலைசிங்’ என்றே காட்டியது. நான் கேபிளை மாற்றி, கார்டைத் துடைத்து, விற்ற கடைக்காரரைத் திட்டி... அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டாவது போர்ட்டின் ஜியுஐடியை (அதன் அடையாள எண்) கொடுத்து இன்னொரு ஓப்பன்எஸ்எம்மை ஓட்டினேன். எரிந்தது மஞ்சள்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், தாலி ஏறிய பிறகு ஐயர் கிளம்பிப் போய்விட்டாலும் குடும்பம் பாட்டுக்கு நடக்கும். போட்ட பாதை அப்படியே இருப்பதால் எதுவும் நிற்காது, ஒரு எச்சரிக்கையும் வராது. சித்திரையில் ஒரு அப்டேட் போட்டேன். அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டது, யோசிக்காமல் ‘ஒய்’ தட்டினேன். இரண்டாவது ஐயர் அன்றோடு அவுட். சீசனில் மெஷினை அணைப்பதில்லை, ராத்திரி முழுக்க ரெண்டரிங் ஓடும். ஒன்பது நாள் யாருக்கும் தெரியவில்லை.

எதிர்சேவை அன்று சாயங்காலம், தல்லாகுளத்தில் அழகரை எடுத்துவிட்டுப் பையன் கேமரா மெமரி கார்டுகளோடு மூச்சிரைக்க மேலே வருகிறான், கரண்ட் போகிறது. யுபிஎஸ் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிட்டது. கரண்ட் வந்தது, எல்லாம் எழுந்தது, இரண்டாவது மெஷினில் ஃபோல்டர் காலி. டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தவன் சொன்னான்: "அண்ணே, பச்சைதான்ணே. ஐயர் வரல." வெளியே ஊரே அழகரை எதிர்கொண்டு நிற்கிறது, நான் டேபிளுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடக்கிறேன். அன்றைய வேலையைப் பழைய கிகாபிட் கேபிளில்தான் முடித்தோம்.

ஈதர்நெட்டில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது, சொருகினால் பேசும். ரூமில் இருக்கிற வைஃபையோடு இதைப் பிரிட்ஜ் பண்ணவும் முடியாது. இதன் முகவரி 20 பைட் நீளம், ஈதர்நெட்டுடையது 6 பைட். வேண்டுமென்றால் தனி ரூட்டிங் போட்டுக்கொள். இது வீட்டுக்கென்று வந்த சாமானில்லை, சூப்பர் கம்ப்யூட்டர்களைக் கோத்த கயிறு. அங்கே ஐயரைக் கவனிக்கவே சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள்.

ஆகவே மாப்ள, பத்து கிக் ஈதர்நெட் வாங்கு. உன் டிஸ்க்குக்கு அது தாராளம். மீறி இதைத்தான் வாங்குவேன் என்றால், முதலில் மதர்போர்டு புத்தகத்தைத் திறந்து, அந்த நீள ஸ்லாட்டுக்குள் உண்மையில் எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) இருக்கிறதா பார். என் ஒரு மெஷினில் நாலுதான் இருந்தது. அப்படியே ரிச்சி தெருவில் எனக்கும் ஒரு கார்டு எடுத்து வை. ஸ்பேர் இல்லாமல் பயமாக இருக்கிறது.