ஏழாங்கிளாஸ் பையனுக்கு கத்தோலிக்க உலக வரலாறு புக்: லைட் டு த நேஷன்ஸ் எப்படி இருக்கு

டெக்சாஸ்ல ஹோம்ஸ்கூல் பண்றவங்க, அதாவது பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே படிக்க வைக்கறவங்க, சட்டப்படி சொல்லிக் குடுத்தே ஆகணும்னு இருக்கறது ரீடிங், ஸ்பெல்லிங், கிராமர், கணக்கு, நல்ல குடிமகனா இருக்கறது, இந்த அஞ்சுதான். உலக வரலாறு அந்த லிஸ்ட்லயே கிடையாது. அதனால எந்த புக் எடுக்கணும்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க, முழுப் பொறுப்பும் அப்பா அம்மா தலைலதான். பையன் ஏழாங்கிளாஸ் வந்ததும் நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து இங்க கத்தோலிக்க குடும்பங்க வழக்கமா எடுக்குற புக் எல்லாத்தையும் பார்த்தோம், எங்க கோவில் பங்குல இருக்கற மத்த ஹோம்ஸ்கூல் அம்மாங்ககிட்ட இருந்தும் கடன் வாங்கிப் படிச்சுப் பார்த்தோம். கடைசில எடுத்தது கேத்தலிக் டெக்ஸ்ட்புக் ப்ராஜெக்ட் போடுற லைட் டு த நேஷன்ஸ், முதல் பாகம்.

அட்டைல கத்தோலிக்கம்னு இருந்தா போதும்னு மட்டும் வாங்கிடாதீங்க. இது பிள்ளைங்க கேள்வி கேக்குற வயசு, நாம மறைச்சதை நாளைக்கு காலேஜ்ல வேற யாராவது சொன்னா அப்புறம் நாம சொன்ன எதையும் நம்ப மாட்டாங்க. நான் எந்த புக்கை எடுத்தாலும் மொதல்ல சில பக்கங்களைத்தான் புரட்டுவேன். 1204ல சிலுவைப் போருக்குன்னு கிளம்பினவங்களே கான்ஸ்டான்டிநோபிள்ல இருந்த கிறிஸ்தவங்களைச் சூறையாடினது வருதா? 1517 வரும்போது, புராட்டஸ்டன்ட் பிரிவைத் தொடங்கி வெச்ச மார்ட்டின் லூத்தரை வெறும் வில்லனா காட்டாம, அன்னைக்கு காசு வாங்கிட்டு பலன்கள் (பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கற சலுகை) குடுத்த அநியாயத்தையும் சொல்றாங்களா? பூமி சூரியனைச் சுத்துதுன்னு சொன்னதுக்காக 1633ல கலிலியோ மேல திருச்சபை நடத்தின விசாரணை, அதுக்கப்புறம் 1992ல இரண்டாம் ஜான் பால் பாப்பரசரே திருச்சபை பக்கத்து தப்பை ஒத்துக்கிட்டது, இதை எப்படி எழுதறாங்க? அப்புறம் மத்த மதத்துக்காரங்களைப் பத்திப் பேசுற தொனி. எங்க சொந்தத்துலயே இந்துக்கள் இருக்காங்க, பையன் அவங்க மடியில வளந்தவன். 1965ல இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகம் முழுக்க இருக்கற ஆயர்கள் கூடின மாநாடு, மத்த மதங்கள்ல உண்மையா புனிதமா இருக்கற எதையும் திருச்சபை தள்ளிவிடலன்னு சொல்லியிருக்கு, அந்த மனசு நாங்க வாங்குற புக்ல இருக்கணும்.

இதனாலயே நிறைய பேர் சொல்ற தி ஓல்ட் வேர்ல்ட் அண்ட் அமெரிக்கா எங்களுக்கு ஒத்து வரல. ஃபர்லாங்ங்கற குருவானவர் 1937ல எழுதினது, டான் புக்ஸ் மறுபடி அச்சு போட்டு விக்குறாங்க. எழுத்து தெளிவா இருக்கு, ஆனா இரண்டாம் உலகப் போருக்கும் வத்திக்கான் சங்கத்துக்கும் முன்னாடி இருந்த உலகம் அது. ஆன் கேரல் எழுதின கிரைஸ்ட் த கிங், லார்ட் ஆஃப் ஹிஸ்டரி ஹைஸ்கூலுக்குன்னு எடுத்து வெச்சிட்டோம்.

நிஜமான போட்டி டான் புக்ஸோட த ஸ்டோரி ஆஃப் சிவிலைசேஷன்தான். ஃபிலிப் கேம்ப்பெல் எழுதினது, நாலு பாகம், பழைய உலகம், இடைக்காலம், நவீன உலகம், கடைசியா அமெரிக்க வரலாறு. டெஸ்ட் புக், ஆக்டிவிட்டி புக், வீடியோ, நாடகம் மாதிரி நடிச்சுப் பேசுற ஆடியோ எல்லாம் தனித்தனியா கிடைக்கும். அந்த ஆடியோ ரொம்ப நல்லா இருக்கு, மூணாங்கிளாஸ் படிக்கற எங்க பொண்ணு கார்ல போகும்போது அதைப் போடச் சொல்லி ஒரே பிடிவாதம். ஆனா ஏழாங்கிளாஸ் பையனுக்கு அது கொஞ்சம் சின்னப் பிள்ளை குரல்ல பேசுற மாதிரி இருக்கு. கதை சொல்லுது, ஏன் அப்படி நடந்துச்சுன்னு நின்னு யோசிக்க வைக்கறது கம்மி. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்னா கண்ணை மூடிட்டு இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

லைட் டு த நேஷன்ஸ் கெட்டி அட்டை போட்ட பெரிய புக், படம், மேப் எல்லாம் தாராளமா இருக்கு, ஒவ்வொரு அதிகாரம் முடிஞ்சதும் கேள்விகள். முதல் பாகம் ரோமைச் சாம்ராஜ்யத்துல திருச்சபை வளந்ததுல ஆரம்பிச்சு, துறவற மடங்கள், சார்லமேன், இடைக்காலம், லூத்தர் பிரிஞ்சு போனதுன்னு கூட்டிட்டுப் போகும். ரெண்டாவது பாகம் பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, ரெண்டு உலகப் போர்னு போகுது. அதிகாரங்கள் நீளம், பையன் ஒரே மூச்சுல படிக்க முடியாது, நாங்க பாதி பாதியா பிரிச்சு, படிச்சதை அவன் வாயாலயே திருப்பிச் சொல்லச் சொல்றோம், அப்புறம்தான் கேள்விக்குப் போறது. இந்த வயசுக்கு இந்தக் கனம் தேவைன்னு நினைக்கிறேன். ஒரு ராஜா ஏன் பாப்பரசரோட மோதினார், அதுல பணம் எவ்வளவு பக்தி எவ்வளவுன்னு பையன் சாப்பாட்டு மேஜைல அவங்க அப்பாகிட்ட வாதாடுறான், எனக்கு அதைவிட என்ன வேணும்.

குறைன்னா ரெண்டு சொல்லலாம். எகிப்து, மெசபடோமியா எல்லாம் இதுல கிடையாது, அதே கம்பெனியோட ஆல் யீ லேண்ட்ஸ் ஆறாங்கிளாஸ்ல படிச்சிருந்தா பிரச்னை இல்ல, படிக்காதவங்க லீவுல ஸ்டோரி ஆஃப் சிவிலைசேஷன் முதல் பாகத்தை ஆடியோவா கேட்டுட்டு வந்தா போதும்.

இன்னொண்ணுதான் பெருசு. கிறிஸ்தவ நாகரிகத்தோட வரலாறுன்னு சொல்ற புக் இது, அதனால பார்வை முழுக்க ஐரோப்பாவுல இருந்துதான். தூத்துக்குடியில இருந்து வந்த குடும்பம் நாங்க, பையனோட முன்னோர்கள் எப்படி ஞானஸ்நானம் வாங்கினாங்கன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? இதை நாங்களே பக்கத்துல வெச்சு சேர்த்துக்கிட்டோம், செவுத்துல ஒட்டின டைம்லைன்ல ஐரோப்பா மேல, நம்ம கடற்கரை கீழ. 1498ல வாஸ்கோட காமா கோழிக்கோடு வர்றார். 1530கள்ல முத்துக்குளித்துறை பரதவர்கள் ஞானஸ்நானம் வாங்குறாங்க, அதாவது லூத்தர் பிரிஞ்சதுக்குப் பதில் சொல்ல 1545ல திரெந்து சங்கம்ங்கற திருச்சபை மாநாடு கூடுறதுக்கு முன்னாடியே. 1540ல இயேசு சபைங்கற துறவற சபைக்கு பாப்பரசர் அனுமதி குடுத்த ரெண்டே வருஷத்துல, அந்த சபையைச் சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார் கோவாவுல இறங்கி, அந்த வருஷமே நம்ம கரைக்கு வந்துடறார். 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம்ங்கற ஜெப புக் தமிழ்ல அச்சாகுது, 1606ல தத்துவ போதகர்னு நாம சொல்ற ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வர்றார், 1693ல ஓரியூர்ல அருளானந்தர்ங்கற ஜான் டி பிரிட்டோ தலை வெட்டுப்படறார். பாரிஸ்ல இயேசு சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் கூடப் படிச்ச அதே சவேரியார்தான் நம்ம ஊர்ல மணி அடிச்சு பிள்ளைங்களைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லிக் குடுத்தார்னு தெரிஞ்சப்போ பையன் டைம்லைன்ல மேல இருந்த கோட்டையும் கீழ இருந்த கோட்டையும் பேனாவால சேர்த்தான்.

கஷ்டமானதையும் சேர்த்தோம். 1546ல சவேரியார் போர்ச்சுக்கல் ராஜாவுக்கு எழுதின கடிதத்துல இந்தியாவுக்கு இன்குவிசிஷன், அதாவது விசுவாசத்துக்கு எதிரா நடக்கறாங்கன்னு விசாரிச்சு தண்டிக்கற திருச்சபை நீதிமன்றம், வேணும்னு கேட்டிருக்கார், 1560ல கோவாவுல அது வந்துச்சு, அவர் இறந்து எட்டு வருஷம் கழிச்சு. புனிதர்னு கும்பிடறவரைப் பத்தி இதைச் சொல்லணுமான்னு வீட்டுக்காரர் தயங்கினார், நான் சொல்லணும்னு நின்னேன். சொன்னோம். பையன் ரொம்ப நேரம் கேள்வி கேட்டான், சவேரியார் திருநாளுக்கு பூசைக்கும் வந்தான்.

வாங்குறவங்களுக்கு: ஸ்டூடண்ட் ஒர்க்புக்கும் டீச்சர் மேனுவலும் தனியா வாங்கணும். டீச்சர் மேனுவல் விடை பார்க்க ரொம்ப உதவியா இருக்கு, ஒர்க்புக் இல்லாமலும் ஓட்டிடலாம். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா புக்கும் மேனுவலும் ஒரே பதிப்பான்னு பார்த்து வாங்குங்க, இல்லன்னா பக்க எண் ஒத்து வராது. படிக்கறதுல கொஞ்சம் மெதுவா இருக்கற பிள்ளைன்னா இதை எட்டாங்கிளாஸுக்குத் தள்ளி வெச்சுட்டு இப்போ ஸ்டோரி ஆஃப் சிவிலைசேஷன் ரெண்டாவது பாகம் எடுங்க, காலம் கிட்டத்தட்ட அதேதான்.