வைக்கோலை உடைப்பது எது: அமிலமா, பங்கசா?

2022 இல் வெள்ளவத்தையில் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் நின்றபோது பிடித்துக்கொண்ட கேள்வி இது: எரிபொருளை நம் வயலிலிருந்தே எடுக்க முடியாதா? வைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலுலோசு, அதாவது குளுக்கோசு என்ற வெல்லம் (சர்க்கரை) கோத்த நீண்ட இழை. அதைக் குளுக்கோசாக உடைத்துக் கொடுத்தால் மதுவம் (ஈஸ்ட்) அதை எரிபொருளான எதனோலாக்கிவிடும். உடைப்பதுதான் பெரும்பாடு.

ஐதான சல்பூரிக்கமிலத்தில் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் சில நிமிடங்களில் வெல்லம் பிரியும். வேகத்தில் அமிலத்தை மிஞ்ச முடியாது. ஆனால் அதே சூட்டில் வெல்லம் சிதைந்து, மதுவத்துக்கு நஞ்சான ஃபர்ஃபியூரல் போன்றவை உருவாகின்றன. கலன்களும் அரித்துப்போகும். நமக்குக் குடிநீர் தரும் களனி கங்கைக் கரையில் அப்படியோர் ஆலை எனக்கு வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளை உக்கவைத்தது டிரைக்கோடெர்மா ரீசி என்ற பங்கசு (பூஞ்சணம்). அது சுரக்கும் நொதியங்களில் (வேதி மாற்றத்தை விரைவாக்கும் புரதங்களில்) ஒன்று செலுலோசு இழையை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாகக் கழற்றும். மூன்றாவது அந்தச் சோடிகளைப் பிரிக்கும். ரீசியிடம் மூன்றாவது குறைவு. சோடிகள் தேங்கினால் முதலிரண்டும் முடங்கும். அதனால் அஸ்பர்ஜிலஸ் பங்கசின் நொதியத்தையும் சேர்க்கிறார்கள். 50 பாகை போதும், வெல்லம் சிதையாது. ஆனால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும், நொதியத்தின் விலையும் கூட.

இன்னொரு தடையைக் கண்ணாலேயே பார்த்தேன். புறக்கோட்டையில் வாங்கிய மண்சட்டியைப் பொதிந்திருந்த வைக்கோல் பல்கனியில் மழையில் நனைந்து கிடந்தது. நசுங்கிய இடங்களில் மட்டும் வெள்ளை இழை படர்ந்து, பச்சைப் பொடி பூத்திருந்தது. விரலால் இழுத்தேன், அந்த இடம் நூல்நூலாகப் பிரிந்தது. நசுங்காத தண்டு மினுமினுப்புக் குறையாமல் விறைப்பாகவே இருந்தது. மேற்பரப்பு உடையாத இடத்தில் பங்கசால் உள்ளே நுழைய முடியவில்லை. ஆலைகளில் முதலில் உயர் அழுத்த நீராவியில் வைத்து, அழுத்தத்தைச் சட்டென விடுவித்து வைக்கோலைச் சிதறடிப்பது இதற்காகத்தான்.

பேலியகொடை மெனிங் சந்தையின் மரக்கறிக் கழிவுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அது ஏற்கெனவே ஈரமும் மென்மையுமானது. காற்றுப் புகாத தொட்டியில் எரிக்கக்கூடிய உயிரியல் வாயுவாக்குவதே சரி. 2017 ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பறித்த பிறகும் அதைக் கொட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

வைக்கோலுக்கு என் தெரிவு பங்கசு. நொதியத்தை டொலர் கொடுத்து இறக்கினால் டொலர் தட்டுப்பாட்டில் நின்ற பழைய வரிசைக்கே திரும்புவோம். அந்தப் பங்கசை வைக்கோலிலேயே வளர்த்து நொதியம் எடுக்கலாம். ஆலையும் கொழும்பில் வேண்டாம். வைக்கோல் பாரம் குறைந்தது, லொறியை அடைக்கும். பொலன்னறுவையிலோ அம்பாறையிலோ வயலருகே வடித்து, எதனோலை மட்டும் பவுசரில் இங்கே அனுப்பட்டும்.